பொன்னூல் திருவுடைகள்: வாசகர் கேள்விகளும் எங்கள் பதில்களும்

சென்ற இதழில், 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் தைக்கப்பட்ட குருமார் திருவுடைகளைப் பற்றி எழுதியிருந்தோம். ‘ஓபஸ் ஆங்கிளிகானம்’, அதாவது ‘ஆங்கிலேய வேலைப்பாடு’ என்ற பெயரில் ஐரோப்பா முழுவதும் தேடி வாங்கப்பட்டவை அவை. வந்த கேள்விகளில் பல வாசகர்களுக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: லண்டன் விக்டோரியா - ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள சையன் கோப்பின் படத்தைப் பார்த்தேன். நடுவில் இருக்கும் உருவங்கள் நேராக நிற்கின்றன. ஓரத்துக்குப் போகப் போகச் சாய்ந்து, கடைசியில் படுத்தே விடுகின்றன. தைத்தவர்கள் கணக்கில் தவறிவிட்டார்களா?

பதில்: கணக்கு மிகச் சரி. அந்த உடையை விரித்துப் போட்டுப் பார்ப்பதால்தான் அப்படித் தோன்றுகிறது. கோப் என்பது அரைவட்டப் போர்வை. சையன் கோப் ஏறக்குறைய 3 மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் கொண்டது. நேர்விளிம்பின் நடுப்புள்ளி அணிபவரின் பிடரியில் அமரும். துணி தோளிலிருந்து கூம்பாக இறங்கும்போது, அந்தப் புள்ளியிலிருந்து கிளம்பும் ஒவ்வோர் ஆரமும் செங்குத்துக் கோடாக மாறிவிடும். அதனால் ஒவ்வோர் உருவத்தின் தலையையும் பிடரியை நோக்கியும் காலைக் கீழ்விளிம்பை நோக்கியும் வரைந்தார்கள். நேர்விளிம்பு இரண்டாக மடிந்து மார்பின் முன்னால் தொங்கும்; மேசையில் படுத்துக் கிடக்கும் திருத்தூதர்கள் அப்போது முன்பக்கம் நேராக நிற்பார்கள்.

காகிதத்தில் 15 செ.மீ. ஆரமுள்ள அரைவட்டம் வெட்டி, நேர்விளிம்பின் நடுவிலிருந்து ஏழெட்டு ஆரங்கள் வரைந்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு மனித உருவம் கிறுக்குங்கள். கூம்பாகச் சுருட்டிப் பிடித்தால் எல்லாரும் எழுந்து நின்றுவிடுவார்கள். இந்த உடைகளைச் சுவரில் மாட்டும் ஓவியமாக அல்ல, ஓர் உடலின் மேல் அசையும் துணியாகப் பார்க்க வேண்டும். கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் அதுவே அடிப்படை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சையன் கோப்பின் கீழ் வரிசைத் திருத்தூதர்கள் முழுதாக இல்லை. விளிம்பு பிற்காலத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. கேடயச் சின்னங்கள் நிறைந்த முன்பட்டையும் கீழ்விளிம்பும் வேறு வேலைப்பாட்டிலிருந்து எடுத்துப் பின்னர் சேர்த்தவை.

கேள்வி: அடிப்பக்கக் கவுச்சிங் (ஜரிகையைத் துணியில் வைத்துக் கட்டும் ஒரு தையல் முறை) என்று எழுதியிருந்தீர்கள். சாதாரணமாக ஜரிகையை வைத்து மேலே சிறு தையல் போட்டுக் கட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நானே செய்து பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். பொறுமையும் நல்ல லினன் துணியும் வேண்டும்.

சாதாரண முறையில் ஜரிகை துணியின் மேல் கிடக்கும். கட்டும் நூல் அதன்மேல் குறுக்கே ஏறி இறங்கும். அந்தச் சிறு கட்டு வெளியே தெரியும், உரசலில் முதலில் அறுவதும் அதுதான். அடிப்பக்க முறையில் கட்டும் நூல் ஜரிகையைச் சுற்றி, வந்த துளை வழியாகவே திரும்ப இறங்குகிறது. அதைச் சுண்டி இழுத்தால் ஜரிகையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான சிறு வளையம் துளைக்குள் நுழைந்து பின்பக்கம் போய்விடும். முன்பக்கத்தில் கட்டும் நூல் துளியும் தெரியாது; ஒழுங்கான சிறு குழிகள் மட்டுமே தெரியும். அந்தக் குழி ஒவ்வொன்றும் ஒரு கீல். துணி முழுவதும் பொன்னால் மூடியிருந்தாலும் தகடுபோல விறைத்து நிற்காமல் கீல்களில் மடிந்து அணிபவரோடு அசைவது அதனால்தான். கட்டும் நூல் பின்னால் ஒளிந்திருப்பதால் தேய்வதும் இல்லை. எழுநூறு ஆண்டுப் பழைய பொன்பரப்புகள் இன்றும் கழன்று விழாமல் இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

செய்முறைக்கு வருவோம். முதல் முயற்சிக்கு 5 செ.மீ. சதுரம் போதும்.

இரண்டு லினன் துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாகச் சட்டத்தில் ஏற்றுங்கள். மேலே நெருக்கமான மெல்லிய நெசவு, கீழே சற்று முரடானது. மேல்துணி கோட்டையும் துளையையும் நுட்பமாகக் காட்டும். கீழ்த்துணி இழுவையைத் தாங்கும். விரலால் தட்டினால் மத்தளம்போல ஒலிக்கும் அளவுக்கு இறுக்க வேண்டும். வட்டவளையம் இதற்குப் போதாது, நான்கு பக்கமும் நூலால் இழுத்துக் கட்டும் செவ்வகச் சட்டம்தான் சரி. பாதி வேலையில் தளர்ந்துவிட்டால் மறுபடி இறுக்கும்போது முன்பு போட்ட வரிசைகள் கோணிப்போகும்.

வரைபடத்தைக் காகிதத்தில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்தி, துணியில் வைத்து, கரிப்பொடியைத் துணிமுடிச்சால் தேயுங்கள். புள்ளிகளை மையால் இணைத்தபின் பொடியை ஊதிவிடலாம். முகம், கை, ஆடை முதலிய பட்டு வேலைகளை முதலில் முடியுங்கள். பொன்பின்னணி கடைசியில் வந்து அவற்றின் விளிம்போடு சேரட்டும். பொன்னை முதலில் போட்டால் பட்டு நூல் அதில் உரசி உரசி மயிர்பிடிக்கும்.

கட்டும் நூலாக மெல்லிய லினன் நூலை எடுத்துத் தேன்மெழுகில் இரண்டு முறை ஓட்டுங்கள். பருத்தி நூல் இந்த இழுவையில் வெகுவிரைவில் நைந்துவிடும். ஊசி, நூல் நுழையும் அளவுக்கு மட்டும் பருமனாக இருக்கட்டும்.

ஜரிகையின் நுனியைப் பின்பக்கம் இறக்கிக் கட்டிவிட்டு, மீதியைக் கோட்டின்மேல் தளர்வாகப் பிடியுங்கள். லினன் நூல் கோர்த்த ஊசியைக் கீழிருந்து மேலே கொண்டுவந்து, ஜரிகையைச் சுற்றி, அதே துளையில் இறக்குங்கள். இப்போது நூலைப் பின்னால் நேர் கீழாக இழுங்கள். ஜரிகை துளைக்குள் ‘டக்’கென்று இறங்குவது விரலில் தெரியும், அந்த இடத்தில் இழுவையை நிறுத்திவிட வேண்டும். அடுத்த துளை 2 முதல் 3 மி.மீ. தள்ளி. வரிசை முடிந்ததும் ஜரிகையைத் திருப்பி, முதல் வரிசையை ஒட்டியே இரண்டாவதைத் தொடங்குங்கள். துளைகள் செங்கல் கட்டுமானம்போல முன்வரிசைத் துளைகளின் இடைவெளியில் வரட்டும். வரிசைக்கு வரிசை துளையைச் சிறிது சிறிதாக நகர்த்தினால் அம்புமுனை, வைரக்கட்டம் போன்ற உருவங்கள் பொன்பரப்பில் தாமே எழும்பும். பழைய திருவுடைகளின் பின்னணிக் கோலங்கள் அனைத்தும் இப்படித் துளைகளை நகர்த்தி உண்டாக்கியவையே.

எங்கே கெடும்? பெரும்பாலும் ஜரிகையில்தான். காகிதத்தில் பொன் ஒட்டி நூலில் சுற்றிய ‘ஜப்பான் தங்கம்’ இந்த இழுவைக்கு உரியதல்ல. வளைவில் காகிதம் கிழிந்து உள்நூல் தெரியும். இடைக்கால ஜரிகை, பொன்முலாம் பூசிய வெள்ளித் தகட்டை மெல்லிய பட்டைகளாக வெட்டி, பட்டுக் கருவின்மேல் சுற்றியது. பட்டைச் சுற்றுகளின் இடையே கரு சிறிது தெரியும். அதனால்தான் முறியாமல் வளைந்தது. இன்றும் உலோகப் பட்டை சுற்றிய, மென்மையான கரு உள்ள, மிக மெல்லிய ஜரிகையாகத் தேடுங்கள். இரும்புக் கம்பிபோல நிமிர்ந்து நிற்கும் வகை துளைக்குள் இறங்காது.

வளையம் இறங்கிவிட்டு மறுபடி மேலே வழுக்கி வந்தால், ஊசி பருமன் அல்லது துணியின் நெசவு தளர்வு என்று பொருள். முன்பக்கம் வெள்ளை நூல் புள்ளியாகத் தெரிந்தால் இழுவை போதவில்லை. துணி சுருங்கி அலைபாய்ந்தால் சட்டம் தளர்ந்திருக்கிறது. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: லினன் நூலின் நேர்க்கோடுகளும், அவற்றின் இடையே குண்டூசித் தலையைவிடச் சிறிய பொன்புள்ளிகளும் மட்டும் இருந்தால் வேலை சரியாக வந்திருக்கிறது. அருங்காட்சியக வல்லுநர்கள் இந்த முறையை அடையாளம் காண்பதும் பின்பக்கத்தை வைத்துத்தான்.

ஜரிகை எவ்வளவு வாங்குவது என்பதை இந்த 5 செ.மீ. மாதிரிக்குச் செலவான நீளத்தை அளந்தே கணக்கிடுங்கள். ஒவ்வொரு துளையும் கொஞ்சம் விழுங்குவதால் பரப்பை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு எப்போதும் குறைந்துபோகும்.

கேள்வி: முகங்களில் கன்னம் மட்டும் உருண்டு மேடாகத் தெரிகிறதே. சூடான இரும்புக் குமிழால் அழுத்தினார்கள் என்று படித்தேன். உண்மையா?

பதில்: 19ஆம் நூற்றாண்டில் அப்படி எழுதினார்கள், இன்று அதை ஏற்பதில்லை. கன்னத்தை உருட்டிக் காட்டுவது தையலின் திசை. முறுக்கே இல்லாத அல்லது மிகக் குறைந்த முறுக்குள்ள பட்டு இழையால் பிளவுத் தையல் போட்டார்கள். ஒவ்வொரு தையலும் முந்தைய தையலின் இழையைப் பிளந்துகொண்டு எழும்பும். கன்னத்தின் நடுவில் தொடங்கி நத்தை ஓடுபோலச் சுழன்று சுழன்று வெளியே வந்து, நெற்றி, தாடை, கழுத்து என்று அந்தந்த இடத்தின் வளைவைப் பின்பற்றிச் செல்லும். நிறம் ஒன்றே ஒன்றுதான். ஆனால் பட்டு, இழை ஓடும் திசைக்கு ஏற்ப ஒளியைத் திருப்பும். மெழுகுவர்த்தி நகர்ந்தால் நிழலும் நகரும். நிறம் மாற்றாமல் திசையை மட்டும் மாற்றிச் சதையைக் காட்டிய இந்தத் திறமைக்கு ஈடான பட்டு வேலையைக் காண்பது அரிது.

முயல்பவர்கள் முறுக்கேறிய பட்டைத் தவிருங்கள். அது சீராகப் பிளக்காது, ஒளியையும் சிதறடிக்கும். தையல் நீளம் ஒன்றரை மி.மீ. தாண்டினால் சிறு முகத்தில் சுழல் கோணலாகிவிடும். கண், மூக்கு, வாய்க் கோடுகளைக் கருநிற இழையில் முதலில் முடித்துவிட்டுப் பிறகு கன்னத்தைத் தொடங்குங்கள். தலைமுடியிலும் தாடியிலும் இரண்டு நிற இழைகள் மாறி மாறி வரிவரியாக ஓடும். நீலத்தாடிகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கேள்வி: பல முகங்களில் கண்ணும் புருவமும் இருந்த இடத்தில் வெறும் துணி தெரிவது ஏன்?

பதில்: கறுப்பும் கரும்பழுப்பும் சாயம் ஏற்ற இரும்பு உப்பும் துவர்ப்பொருளும் பயன்பட்டன. அந்த இரும்பு பட்டு இழையை உள்ளிருந்தே அரித்து, பொடியாக உதிர்த்துவிடும். மற்ற நிறங்கள் நிலைத்திருக்க, கோடுகள் மட்டும் போய்விடும். வருத்தம்தான். ஆனால் அந்த இடங்களில் அடியில் வரைந்த மைக்கோடு தெரிய வருகிறது. வரைந்தவரின் கையை நேரடியாகப் பார்க்க வேறு வழியே இல்லை.

கேள்வி: இவற்றைக் கன்னியர் மடங்களில்தான் தைத்தார்கள் என்பது சரியா?

பதில்: மடங்களிலும் தைத்தார்கள். ஆனால் ஓபஸ் ஆங்கிளிகானத்தின் பெரும்பகுதி லண்டன் நகரப் பட்டறைகளில், கூலிக்கும் ஒப்பந்தத்துக்கும் வேலை செய்த ஆண்களும் பெண்களும் செய்தது. பெயர் தெரிந்தவர்களில் முக்கியமானவர் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரைச் சேர்ந்த மேபல். மூன்றாம் ஹென்றி மன்னருக்காக 1239 முதல் சில ஆண்டுகள் வேலை செய்தவர். 1256இல் மன்னர் அந்த ஊருக்குப் போனபோது, மேபலுக்கு ஆடைக்கு ஆறு முழக்கோல் துணியும் உள்ளே வைத்துத் தைக்க முயல் உரோமமும் கொடுக்க ஆணையிட்டார். இன்னொருவர் ரோஸ் டி பியூர்ஃபோர்ட், லண்டன் வணிகர் ஒருவரின் மனைவி. பவளம் பதித்த ஒரு கோப்புக்காக 1317இல் இசபெல்லா அரசி அவருக்கு 100 மார்க் (அக்காலப் பணக் கணக்கு) கொடுத்ததாகக் கணக்கில் இருக்கிறது.

வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயப் பீடத்துக்கு 1271இல் முடிந்த முகப்புத் துணியின் கணக்கு இன்னும் விளக்கமானது. நான்கு பெண்கள் மூன்றே முக்கால் ஆண்டு தைத்ததற்குக் கூலி 36 பவுண்டு. அதில் பதித்த முத்துகளுக்கு ஆன செலவு அந்தக் கூலியைவிட அதிகம். அத்தனை ஆண்டு கண்ணைக் கொடுத்து உழைத்த அந்த நால்வரின் கூலி, மொத்தச் செலவில் சிறு பங்குதான். இந்தத் துணிகளின் முன் நிற்கும்போது நன்கொடையாளரின் பெயரோடு இதையும் நினைத்துக்கொள்வது நியாயம்.

கேள்வி: இவ்வளவு புகழ் இருந்தும் இங்கிலாந்தில் மிகச் சிலவே எஞ்சியது ஏன்? இத்தாலியில் முழுதாக இருக்கின்றனவே.

பதில்: இத்தாலிக்குப் போனவை திருத்தந்தையர் வழியாகப் போனவை. 1246இல் நான்காம் இன்னொசென்ட், ஆங்கிலேயக் குருக்கள் அணிந்திருந்த பொன்வேலைப்பாட்டைக் கண்டு, அங்குள்ள சிஸ்டெர்சியன் மடத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதி அனுப்பச் சொன்னார் என்று மேத்யூ பாரிஸ் என்ற துறவி பதிந்திருக்கிறார். நான்காம் நிக்கோலாஸ் 1288இல் தம் பிறந்த பகுதியான ஆஸ்கோலி பிச்சேனோவின் பேராலயத்துக்கு ஒரு கோப்பைக் கொடுத்தார். அது 1902இல் திருடுபோய், அமெரிக்கச் செல்வர் ஜே. பி. மார்கனின் கைக்கு வந்து, அவர் 1904இல் திருப்பிக் கொடுத்தார். பியென்ஸா, போலோன்யா நகரங்களிலும் ஆங்கிலேய கோப்புகள் உள்ளன.

இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்தின்போது ஆலயச் சொத்துகள் பட்டியலிடப்பட்டுப் பறிக்கப்பட்டன. பொன்னுக்காக எரித்தவை எத்தனையோ. சில தலையணை உறையாகவும் மெத்தை விரிப்பாகவும் பீடத்துணியாகவும் வெட்டுப்பட்டதால் தப்பின. பட்லர்-பௌடன் கோப் வெட்டப்பட்டு, சாசுபிள் (திருப்பலி மேலாடை), ஸ்டோல் (கழுத்துப் பட்டை), மேனிபிள் (கைப்பட்டை), பீடமுகப்பு என்று பல துண்டாகி, பிற்காலத்தில் மறுபடி கோப்பாகச் சேர்த்துத் தைக்கப்பட்டது. சையன் கோப்பை பிரிஜிட்டைன் சபைக் கன்னியர் தங்களோடு நாடுகடந்து எடுத்துச் சென்றார்கள். 1594இல் லிஸ்பனில் குடியேறி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

வெட்டுப்பட்டதைக் கண்டுபிடிப்பது எளிது. வளைவுகளின் தூண், உருவத்தின் கை, எழுத்தின் பாதி என்று ஏதாவது விளிம்பில் அறுந்து நிற்கும். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் சிச்செஸ்டர்-கான்ஸ்டபிள் சாசுபிளில் இரு பக்கமும் அப்படித்தான். முதலில் சாசுபிள் மணிபோல உடலைச் சுற்றி மூடியது. கையைத் தூக்கத் தோளில் துணியைத் திரட்ட வேண்டும். பின்னாளில் பக்கங்களைக் குறைத்துக் குறைத்து, முன்னும் பின்னும் தொங்கும் இரு பலகைகள்போல ஆக்கிவிட்டார்கள்.

கேள்வி: ஒரு துணியைப் பார்த்துத் தோராயமாகக் காலம் சொல்ல வழி உண்டா?

பதில்: ஓரளவுக்கு உண்டு. டர்ஹமில் உள்ள புனித கத்பர்ட்டின் ஸ்டோலும் மேனிபிளும் 909க்கும் 916க்கும் இடையில், வின்செஸ்டர் ஆயர் ஃப்ரித்ஸ்டானுக்காக அரசி ஆல்ஃப்ளேட் செய்வித்தவை. துணியிலேயே அப்படி எழுதித் தைத்திருக்கிறது. அவற்றில் ஜரிகை மேற்பக்கக் கட்டில்தான் இருக்கிறது. 1250 முதல் 1350 வரை அடிப்பக்க முறை கோலோச்சியது. கொள்ளைநோய் 1348இல் வந்து பட்டறைகளைக் குலைத்த பிறகு விரைவான வழிகள் பெருகின. உருவங்களையும் பூக்களையும் லினனில் தனியே தைத்து, வெட்டி, வெல்வெட்டில் ஒட்டித் தைப்பது அவற்றில் ஒன்று. ஒரே பூ திரும்பத் திரும்ப வந்து, சுற்றிலும் ஜரிகைக் கதிர்களும் பொட்டுத் தகடுகளும் இருந்தால் 15ஆம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பின். பொன்னூலைக் கிடைமட்டமாக விரித்து, நிறப்பட்டால் நெருக்கியும் விலக்கியும் கட்டி நிழல் காட்டும் வேலை 15ஆம் நூற்றாண்டு ஃபிளாண்டர்ஸ் பகுதிக்கு உரிய சிறப்பு. வியன்னாவில் உள்ள பொற்கம்பளி வீரர் சபையின் திருவுடைகள் அதன் உச்சம்.

கேள்வி: எங்கள் ஆலயத்தில் பழைய ஜரிகைத் திருவுடைகள் மரப்பெட்டியில் மடித்துக் கிடக்கின்றன. ஜரிகை கறுத்துவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: கறுத்தது வெள்ளி; காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அதைச் செய்தன. பாலிஷ், எலுமிச்சை, சோடா மாவு எதையும் தொடவிடாதீர்கள். மேலே இருக்கும் பொன்முலாம் மிக மெல்லியது, தேய்த்தால் முதலில் போவது அதுதான். உள்ளே நுழைந்த ஈரம் பட்டுக் கருவை அழுகச் செய்யும். தண்ணீரில் நனைக்கவும் கூடாது, சாயம் ஓடிவிடும்.

முதல் வேலை மடிப்பை எடுப்பது. கோப்புகளைப் படுக்கையாக வைக்கத்தான் இங்கிலாந்துப் பேராலயங்கள் சிலவற்றில் அரைவட்ட, கால்வட்டப் பேழைகள் செய்தார்கள். அத்தனை இடம் இல்லையென்றால் மடிப்பு விழும் ஒவ்வோர் இடத்திலும் அமிலமற்ற மென்காகிதத்தைக் கைப்பருமனுக்குச் சுருட்டி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பின் இடத்தை மாற்றுங்கள். தடித்த ஜரிகை வேலையை உருளையில் சுற்றுவதைவிட இது பாதுகாப்பு. மாட்டியில் தொங்கவிட்டால் ஜரிகையின் எடை தோள்பட்டையைக் கிழிக்கும். வெறும் மரமும் ரப்பரும் கம்பளித் துணியும் வெள்ளியைக் கறுக்கவைக்கும், ஆகவே பெட்டிக்கு உள்ளே துவைத்த, கஞ்சியில்லாத பருத்தித் துணி விரியுங்கள். பூச்சி உருண்டை துணியைத் தொட வேண்டாம்.

ஈரப்பதம் 50 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிலையாக இருந்தால் நல்லது. ஏறி ஏறி இறங்குவது நிலையான சற்றுக் கூடுதலைவிடக் கெடுதல். காட்சிக்கு வைத்தால் வெளிச்சம் 50 லக்ஸ் தாண்டக் கூடாது, வெயில் படவே கூடாது. தூசியை மெல்லிய வலைத்துணி மூடிய குழலால், மிகக் குறைந்த விசையில், துணியைத் தொடாமல் உறிஞ்சலாம். ஜரிகை தொங்கிக்கொண்டிருந்தால் வெட்டாதீர்கள்; ஒரு மென்காகிதத் துண்டை அடியில் கொடுத்து அப்படியே படுக்கவைத்து, துணிப் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள். அதற்கு முன் முன்பக்கம், பின்பக்கம், உள்துணி, தையல் ஓரம் என்று ஒவ்வொன்றையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்துவிடுங்கள். கிழிந்த உள்துணியைக் கழற்றி எறிய வேண்டாம். திருவுடையின் வயதையும் அது எத்தனை முறை மாற்றித் தைக்கப்பட்டது என்பதையும் சொல்லும் பழைய ஊசித் துளைகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.